இசைத்தட்டுக் கடை அம்மாவை மறக்கலாமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இதழில் அமெரிக்கப் பாடகர் ஓட்டிஸ் ரெட்டிங் பற்றி வந்த கட்டுரையை ரசித்துப் படித்தேன். 'டாக் ஆஃப் தி பே' பாடலைப் பதிவு செய்த சில நாட்களிலேயே, 1967 டிசம்பர் 10 அன்று, அவர் விமான விபத்தில் இறந்ததையும், மறு ஆண்டு அந்தப் பாட்டு அமெரிக்காவில் முதலிடம் பிடித்ததையும் எழுதியிருந்தீர்கள். சரி, அந்தப் பாட்டு பதிவான ஸ்டாக்ஸ் இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான எஸ்டெல் ஆக்ஸ்டனை எப்படி விட்டீர்கள்?

அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் ஒரு பழைய சினிமா தியேட்டர்தான் ஸ்டாக்ஸ் ஸ்டூடியோவாக மாறியது. ஒலிப்பதிவுக் கருவி வாங்கத் தன் வீட்டையே அடமானம் வைத்தவர் எஸ்டெல். அப்புறம், தியேட்டரில் தின்பண்டம் விற்ற இடத்தில் இசைத்தட்டுக் கடை போட்டார். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் எந்தப் பாட்டை விரும்புகிறார்கள் என்பதை அந்தக் கடையிலேயே கண்டுகொள்வார். அங்கே வேலை பார்த்த கிட்டார் கலைஞர் ஸ்டீவ் கிராப்பர்தான் பிறகு 'டாக் ஆஃப் தி பே' பாட்டை ரெட்டிங்குடன் சேர்ந்து எழுதினார். நிறவெறி ஊறிப்போயிருந்த ஊரில் கறுப்பரும் வெள்ளையரும் ஒன்றாக நின்று பாட்டுக் கேட்ட கடை அது.

அந்தக் கட்டடத்தை 1989இல் இடித்துவிட்டார்கள். நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. அதே இடத்தில் 2003 முதல் அருங்காட்சியகம் இருக்கிறது. எஸ்டெலுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள்.

– வாசகர், திருச்சி