கிராம சபையில் இவ்விரண்டையும் பேசுங்கள்

ஐயா,

அக்டோபர் 2 கிராம சபைகளில் சாலை, வாய்க்காலோடு அங்கன்வாடியையும் முன்னாள் படைவீரர் குடும்பங்களையும் பேச வேண்டும். வடகிழக்குப் பருவமழைக்கு முன் அதுவே நல்ல வாய்ப்பு.

நடவுக்குத் தாய்மார் விடியலிலேயே வயலுக்குப் போகும் திருவாரூர்ப் பக்கத்து ஊர்களில், குழந்தையின் மெலிவை மாத எடைதான் காட்டிக்கொடுக்கும். அந்த எடை சரியாக இருக்க வேண்டுமே! மேடுபள்ளமான தரையில் கருவியை வைத்தாலும், பூஜ்யத்தில் நிறுத்தாமல் விட்டாலும் கணக்கு தவறும். உயரத்தை இரண்டு வயதுக்குள் படுக்கவைத்தும், அதற்கு மேல் நிற்கவைத்தும் அளக்க வேண்டும். மாற்றினால் அரை சென்டிமீட்டருக்கு மேல் பிசகும். ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயதுக்குள் உள்ள குழந்தைக்கு மேல்கையின் நடுப்பகுதிச் சுற்றளவு 11.5 செ.மீ.க்குக் குறைந்தால் கடும் ஊட்டக்குறைவு. சத்துமாவு மட்டும் போதாது. அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்ட வேண்டும். ஊராட்சி முதலில் தரையைச் சமமாக்கி, கூரை ஒழுக்கை அடைக்கட்டும். சத்துமாவு மூட்டைகளுக்கு அடியில் பலகை போடட்டும். ஈரத்தில் மாவு கட்டி பிடித்துப் பூசணம் பூக்கிறது.

படைவீரர்களின் விதவைகளுக்கோ ஓய்வூதியம் தொடர ஆண்டுதோறும் தர வேண்டிய உயிர்வாழ் சான்றே பெரும்பாடு. நாற்று நட்டுத் தேய்ந்த விரல்ரேகையைக் கருவி ஏற்பதில்லை. செல்போனில் முகம் காட்டிச் சான்று தரும் வசதி 2021 முதல் இருக்கிறது. ஊராட்சி அலுவலகத்தில் அதற்கு ஒரு நாள் ஒதுக்கலாம். ஓய்வூதிய ஆணையிலும் ஆதாரிலும் பெயரெழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று அன்றே ஒப்பிட்டு, பிழையிருந்தால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு மனு எழுதிக்கொடுக்க ஒருவரை அமர்த்துங்கள்.

— ஒரு வாசகர், திருவாரூர் மாவட்டம்