கயலுக்கு, மானிட்டர் வாங்குவது குறித்து

அங் மோ கியோ, சிங்கப்பூர்

அன்பு மகள் கயல்விழிக்கு,

அம்மா எழுதுவது. அப்பாவும் நானும் நலம். டிசம்பரில் மெல்பர்னிலிருந்து திரும்பியதும் வீட்டிலிருந்தே வேலையைத் தொடரப் போவதால் உன் அறைக்கு ஒரு மானிட்டர் வாங்க வேண்டும் என்று எழுதியிருந்தாய். நீ பார்த்துவைத்திருக்கும் 27 அங்குல ஓஎல்இடி (ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் வகை) திரையை மதிப்புரை எழுதுபவர்கள் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுவதாகவும், காசு கொடுத்து வாங்கியவர்களில் பலர் எழுத்தைப் பார்த்தாலே கண் வலிக்கிறது என்று புலம்புவதாகவும், இதில் யார் சொல்வதை நம்புவது என்றும் கேட்டிருந்தாய். தொலைபேசியில் சொன்னால் பாதி விட்டுப்போகும் என்பதால் எழுதுகிறேன்.

என் அனுபவத்தில் இரு தரப்பாரும் பெரும்பாலும் உண்மையைத்தான் சொல்கிறார்கள். அவர்கள் பார்த்த பொருளும் பார்த்த வேலையும்தான் வேறு. அச்சகத்தில் நான் சேர்ந்த காலத்தில் எங்கள் மேசைகளில் சோனி டிரினிட்ரான் குழாய்த் திரைகள் இருந்தன. வெள்ளைப் பின்னணி வரும்போது அவற்றின் குறுக்கே தலைமயிர் போன்ற மெல்லிய நிழற்கோடுகள் தெரியும். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் அதைப் பழுது என்று நினைத்து மேலாளரிடம் போய் நிற்பார்கள். உண்மையில் திரைக்கு உள்ளே செங்குத்தாக இழுத்துக் கட்டப்பட்ட உலோக இழைகள் அதிராமல் இருப்பதற்காகக் குறுக்கே ஓட்டிய கம்பியின் நிழல் அது. விளம்பரப் படங்களின் நிறத்தைச் சரிபார்த்தவர்கள் நாலே நாளில் அதை மறந்துபோனார்கள். அட்டவணைகளும் நுண்ணிய கோடுகளும் போட்டுக்கொண்டிருந்தவர்களுக்கோ அது கடைசிவரை உறுத்திக்கொண்டே இருந்தது. அவர்களிடம் அப்போது கருத்துக் கேட்டிருந்தால், ஒரே திரைக்கு ஒருவர் ஐந்து நட்சத்திரமும் இன்னொருவர் ஒரு நட்சத்திரமும் கொடுத்திருப்பார்கள்.

உன் ஓஎல்இடி விவகாரமும் ஏறக்குறைய இதேதான். பாலாவிடம் அந்த வகைத் திரை இருக்கிறது அல்லவா? போன ஞாயிற்றுக்கிழமை பொங்கோலில் மாமா வீட்டுக்குப் போனபோது, நீ வரைந்து அனுப்பியிருந்த கட்டடத்தின் தரைத்தள வரைபடத்தை அதில் திறக்கச் சொல்லி, அச்சகத்தில் புள்ளிகளைப் பார்க்கப் பயன்படுத்திய என் பழைய உருப்பெருக்கிக் கண்ணாடியைத் திரைமேல் வைத்துப் பார்த்தேன். வெள்ளைப் பின்னணியில் இருந்த கறுப்புக் கிடைக்கோட்டின் ஒரு விளிம்பில் பச்சையும் மறு விளிம்பில் ஊதா கலந்த சிவப்பும் மெல்லிய கரைபோல ஓடின. சாதாரண எல்சிடி திரையில் ஒவ்வொரு பிக்சலுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று கீற்றுகள் பக்கத்தில் பக்கமாக நிற்கும். விண்டோஸ் எழுத்துகளின் ஓரத்தை மெருகேற்றும் முறை அந்த வரிசையை நம்பித்தான் இயங்குகிறது. பாலாவின் திரையில் உள்ள கியூடி-ஓஎல்இடி என்ற ஓஎல்இடி வகைப் பேனலில் பச்சை மேலேயும் மற்ற இரண்டும் கீழேயுமாக முக்கோணம்போல் அமைந்திருப்பதால்தான் அந்த வண்ணக்கரை. பாலா நாள் முழுக்க விளையாடுகிறான், படம் பார்க்கிறான்; ஓடுகிற காட்சியில் இதெல்லாம் யார் கண்ணில் படப்போகிறது? அவன் புகழ்வது நியாயம். எட்டு மணி நேரம் கணக்குத்தாள் பார்க்கிறவர் திட்டுவதும் நியாயம்.

இதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. பாலாவினுடையது 2560க்கு 1440 பிக்சல் கொண்ட 27 அங்குலத் திரை. ஓர் அங்குலத்துக்குச் சுமார் 109 பிக்சல்தான் வரும். அதே அளவில் 4கே, அதாவது 3840க்கு 2160 பிக்சல் என்றால் 163க்கு மேல் வரும். பிக்சல் சிறுத்தால் அந்தக் கரையும் சிறுத்து, கை நீட்டும் தூரத்தில் உட்கார்ந்தால் அநேகமாக மறைந்துவிடும். கியூடி-ஓஎல்இடி மானிட்டர்கள் 2022இல்தான் சந்தைக்கு வந்தன, 27 அங்குலத்தில் 4கே வந்தது 2025இல். ஆகவே நீ எனக்கு அனுப்பிய புலம்பல்களில் 2025க்கு முந்தைய தேதி போட்டவற்றைத் தள்ளிவைத்துவிட்டு மீதியைப் படி. மேக் கணினி வைத்திருப்பவர்களின் கருத்தையும் தனியாகப் பிரித்துக்கொள். ஆப்பிள் நிறுவனம் 2018இல் வந்த மொஜாவே பதிப்பிலிருந்து அந்த ஓர மெருகேற்றலை நிறுத்திவிட்டதால், விண்டோஸில் தெளிவாகத் தெரிகிற 1440 திரை அவர்களுக்குச் சற்று மங்கலாகத் தெரியும். அதற்குத் திரை என்ன செய்யும்?

இவ்வளவும் ஓஎல்இடிக்குச் சாதகமாகச் சொல்வதுபோல் இருந்தாலும், உனக்கு அது வேண்டாம் என்பதே என் எண்ணம். முதல் காரணம் உன் அறை. மேற்குப் பார்த்த அந்தச் சன்னலில் மூன்று மணிக்கு மேல் வெயில் நேராக அடிப்பது உனக்கு மறந்திருக்காது. கியூடி-ஓஎல்இடி திரைகள் பெரும்பாலானவற்றில் வெளி வெளிச்சத்தின் பிரதிபலிப்பை அடக்க வழக்கமாக இருக்கும் போலரைசர் ஏடு கிடையாது. அதனால் வெளிச்சம் நிறைந்த அறையில் கறுப்பு, கறுப்பாக நிற்காமல் ஊதா கலந்த சாம்பல் நிறத்துக்கு ஏறிவிடுகிறது. மதிப்புரைக்காரர்கள் காண்ட்ராஸ்ட்டை, அதாவது வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள வெளிச்ச விகிதத்தை, இருட்டறையில் அளந்து எல்லையற்றது என்று எழுதுகிறார்கள். அவர்கள் அளந்தது சரிதான், ஆனால் நாம் இருப்பது இருபுறமும் சன்னல் வைத்த வீவக அடுக்குமாடி வீட்டில். இரண்டாவது, நீ வரைகிற மென்பொருளின் கருவிப்பட்டைகள் காலை முதல் மாலை வரை அசையாமல் ஒரே இடத்தில் எரிந்துகொண்டிருக்கும். ஓஎல்இடியில் ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிர்ந்து தானே தேய்வதால், நாளடைவில் அந்தப் பட்டையின் தடம் திரையில் பதிந்துவிட வாய்ப்புண்டு. சில நிறுவனங்கள் இதற்கே 3 ஆண்டு உத்தரவாதம் தருகின்றன என்றாலும், தடமே பதியாத திரையை வாங்கினால் அந்தக் கவலையே வேண்டாமே.

எனவே 27 அங்குல 4கே ஐபிஎஸ் (எல்சிடியில் ஒரு வகை) திரையைப் பார்க்கச் சொல்கிறேன். உடனே அதைப் பற்றிய குறைகளையும் படித்துவிட்டு, கறுப்பு சாம்பலாகத் தெரிகிறதாமே, மூலையில் வெளிச்சம் கசிகிறதாமே என்று கேட்பாய். கேட்க வேண்டிய கேள்விதான், ஏனென்றால் நீ கறுப்புப் பின்னணியில் வண்ணக்கோடு போட்டு வரைகிறவள். வெள்ளைத்தாளில் தட்டச்சு செய்கிறவரைவிட உன்னை இது அதிகம் பாதிக்கும். வழக்கமான ஐபிஎஸ் பேனலின் காண்ட்ராஸ்ட் சுமார் 1000:1. எல்ஜி டிஸ்ப்ளே நிறுவனத்தின் ஐபிஎஸ் பிளாக் பேனல் 2022இல் மானிட்டர்களில் வந்தபோது அது சுமார் 2000:1 ஆக உயர்ந்தது. விஏ என்ற இன்னோர் எல்சிடி வகை 3000:1ஐத் தாண்டும், ஆனால் பக்கவாட்டில் பார்க்கும்போது இருண்ட நிறங்களின் அடர்த்தி மாறிவிடும். நிறத்தை நம்பிப் பிழைத்தவள் என்ற முறையில் எனக்கு அது பிடிக்காது. உனக்கு ஐபிஎஸ் பிளாக் பொருத்தமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

மூலை வெளிச்சத்தில் இரண்டு வகை உண்டு, வாங்கியவர்கள் இரண்டையும் ஒன்றாகக் கலந்து எழுதிவிடுகிறார்கள். தலையைச் சற்று நகர்த்தும்போது அந்த வெளிச்சமும் இடம் மாறினாலோ குறைந்தாலோ அது ஐபிஎஸ் பேனலின் இயல்பு. எந்தத் திரையை மாற்றி வாங்கினாலும் இருக்கும். எங்கிருந்து பார்த்தாலும் அதே இடத்தில் அசையாமல் நின்றால் அது பின்னொளிக் கசிவு. சட்டம் பூட்டியதில் உள்ள இறுக்கத்தைப் பொறுத்து ஒரே மாடலில் ஒரு திரைக்கு இருக்கும், அடுத்ததற்கு இருக்காது. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் மதிப்புரையைவிட வாங்கியவர்களின் பேச்சுக்குத்தான் நான் அதிக மதிப்புக் கொடுப்பேன். மதிப்புரைக்காரரிடம் நல்ல கருவிகள் இருந்தாலும் அவர் பார்ப்பது ஒரே ஒரு திரை, அதுவும் சில வேளை நிறுவனமே அனுப்பிவைத்தது. வாங்கியவர்களோ பல திரைகளை, மாதக்கணக்கில் பார்க்கிறார்கள். ஒரு காலத்தில் டெல் 2007டபிள்யூஎஃப்பி என்ற மாடலை வாங்கினால், ஒருவருக்கு எல்ஜியின் ஐபிஎஸ் பேனலும் இன்னொருவருக்குச் சாம்சுங்கின் பிவிஏ (விஏ வகை) பேனலும் வந்த கதை உண்டு. பெட்டிமேல் இருந்த எண் ஒன்றேதான். ஒரே குறையைப் பலர், வெவ்வேறு மாதங்களில், வெவ்வேறு நாடுகளிலிருந்து சொன்னால் அதை நம்பு.

கண் வலி என்று எழுதுகிறவர்களையும் லேசாகத் தள்ளிவிடாதே. சிறுவயதில் துணைப்பாட நிலையத்தின் மினுங்கும் விளக்கடியில் உட்கார்ந்துவிட்டு வந்தால் உனக்குத் தலைவலி வரும். சில திரைகள் வெளிச்சத்தைக் குறைப்பதற்காகப் பின்னொளியை நொடிக்குப் பல நூறு முறை அணைத்து அணைத்து எரிக்கின்றன. பலருக்கு அது தெரியவே தெரியாது, சிலருக்குத் தாங்காது. மதிப்புரையில் ஃபிளிக்கர், அதாவது இந்த மினுக்கத்தின் அளவீடு இருக்கிறதா என்று பார். கடையிலேயே சோதிக்கவும் வழி உண்டு: வெளிச்சத்தை நன்றாகக் குறைத்து, வெள்ளைத் திரைக்கு முன்னால் ஒரு பென்சிலை வேகமாக இப்படியும் அப்படியும் ஆட்டு. தடம் தொடர்ச்சியாகக் கலங்கித் தெரிந்தால் நல்லது, தனித்தனிப் பென்சில்களாக உடைந்து தெரிந்தால் அந்தத் திரை உனக்கு ஆகாது. மற்றபடி, வெளிச்சத்தை நூறு விழுக்காட்டில் வைத்துக்கொண்டு கண் கூசுகிறது என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள்.

இணையக் கடைகளின் நட்சத்திரக் கணக்கில் நேரத்தை வீணாக்காதே. 24 அங்குலத்துக்கும் 27 அங்குலத்துக்கும் வந்த கருத்துகளை ஒரே பக்கத்தில் கொட்டிவைத்திருப்பார்கள். "பெட்டி பத்திரமாக வந்தது, இன்னும் திறக்கவில்லை" என்பதற்கும் ஐந்து நட்சத்திரம். மூன்று நட்சத்திரம் கொடுத்தவர்களைத்தான் நான் தேடிப் படிப்பேன். எதற்காக இரண்டைக் குறைத்தேன் என்று அவர்கள்தான் விளக்கமாக எழுதுவார்கள். பெட்டியில் எச்டிஆர் 400 (வெளிச்சமும் இருளும் கூடுதலாகக் காட்டும் திறனுக்கான சான்று) என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்தும் மயங்காதே. திரைத் தரங்களை வகுக்கும் வேசா அமைப்பின் அந்தக் கீழ்நிலைச் சான்றுக்குத் திரையின் பகுதிகளைத் தனித்தனியாக இருட்டாக்கும் வசதி கட்டாயமில்லை.

நீ வந்த பிறகு சிம் லிம் ஸ்குவேருக்கு இருவரும் போவோம். திரும்பும் வழியில் தேக்காவில் கீரையும் மீனும் வாங்கிக்கொள்ளலாம். உன் மடிக்கணினியையும் கேபிளையும் எடுத்து வா. கடையில் எல்லாத் திரைகளும் முழு வெளிச்சத்தில், நிறத்தை ஏற்றிவைத்த நிலையில்தான் நிற்கும். அதைச் சாதாரண நிலைக்குக் கொண்டுவரச் சொல்லி, உன் படத்தையே திறந்துபார். விலை மலிவு என்று பேரலல் இம்போர்ட், அதாவது அதிகாரபூர்வ முகவர் வழியாக வராத இறக்குமதிச் சரக்கை நீட்டினால், உத்தரவாதத்தை இங்கு யார் ஏற்பார்கள் என்று முதலில் கேட்க வேண்டும். உன் அப்பா விலையை மட்டும் பார்ப்பார், அதனால் அன்று அவரை வீட்டில் விட்டுச் செல்வோம்.

பிக்சல் பழுதுக்கு அவர்களின் விதி என்ன என்பதையும் பணம் கட்டுவதற்கு முன்பே எழுத்தில் பார்த்துவிடு. பழைய ஐஎஸ்ஓ 13406-2 தரநிலையின் இரண்டாம் வகுப்பு, ஒரு மில்லியன் பிக்சலுக்கு அணையாமல் எரிகிற புள்ளி இரண்டு வரை பொறுத்துக்கொள்ளச் சொல்கிறது. 4கே திரையில் இருப்பதோ 8.29 மில்லியன் பிக்சல். அந்தக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்கிற நிறுவனம், பதினாறு புள்ளி எரிந்தாலும் பழுதில்லை என்று சொல்ல இடமிருக்கிறது. ஒரு புள்ளி எரிந்தாலும் மாற்றித் தருகிறோம் என்று எழுதித் தரும் நிறுவனங்களும் உண்டு. நூறு வெள்ளி கூடினாலும் அதையே எடு. 2012 செப்டம்பர் 1ஆம் தேதி முதல் இங்கு நடப்பில் உள்ள, குறையுள்ள பொருள்களுக்கான லெமன் சட்டத்தின்படி, வாங்கிய ஆறு மாதத்துக்குள் வெளிப்படும் குறை முதலிலேயே இருந்ததாகத்தான் கருதப்படும். அப்படி இல்லை என்று நிரூபிக்க வேண்டியது கடைக்காரர். ஆனால் எனக்குப் பிடிக்கவில்லை, மாற்றிக் கொடுங்கள் என்று கேட்க அந்தச் சட்டம் உதவாது. அதற்குக் கடையின் சொந்த விதிதான், சில கடைகள் பெட்டியைத் திறந்துவிட்டால் திரும்ப எடுப்பதே இல்லை.

வீட்டுக்கு வந்த முதல் வாரத்திலேயே, இரவில் விளக்கை அணைத்துவிட்டு முழுக் கறுப்பு, முழுச் சாம்பல், முழு வெள்ளை ஆகிய மூன்று படங்களையும் போட்டுப் பார்த்துவிட வேண்டும். அட்டைப்பெட்டியையும் தெர்மோகோலையும் நான் கட்டிலுக்கு அடியில் வைத்துக்கொள்கிறேன்; அப்பா கையில் கிடைத்தால் அன்றைக்கே கீழ்த்தளத்து நீல மறுசுழற்சித் தொட்டிக்குப் போய்விடும்.

உன் மேசையை அளந்தேன், ஆழம் 60 சென்டிமீட்டர். கால் அகலமான திரையை வைத்தால் விசைப்பலகைக்கு இடம் போதாது, ஆகையால் பின்புறம் 100க்கு 100 மில்லிமீட்டர் துளைகள் உள்ளதாகப் பார்த்தால் மேசை விளிம்பில் பூட்டும் கையை மாட்டிவிடலாம். அலுவலகம் உனக்குத் தரப்போவது விண்டோஸா மேக்கா, அதற்கு யூஎஸ்பி-சி வழியாகத் திரையிலிருந்தே மின்சாரம் ஏற்ற வேண்டுமானால் 65 வாட் போதுமா 90 வாட் வேண்டுமா என்பதை மட்டும் கேட்டு எழுது. அதைப் பொறுத்துத்தான் நான் மனத்தில் வைத்திருக்கும் இரண்டு மாடல்களில் ஒன்றைக் கழிக்க முடியும்.

அன்புடன்,
அம்மா