ஆடியவரே சொல்லக் கேள்

அன்புள்ள மருமகனுக்கு,

சென்ற ஞாயிற்றுக்கிழமை நம் புளோக்கின் கீழ்த்தளக் கல்மேசையில் தோற்ற சதுரங்க ஆட்டத்தை, வீட்டுக்கு வந்ததும் நீ கைத்தொலைபேசியின் சதுரங்கச் செயலியில் போட்டுப் பார்த்தாய். 19ஆம் நகர்த்தல் பிழை என்று அது சிவப்பில் காட்டியதும், "புரிந்துவிட்டது மாமா" என்று மூடி வைத்துவிட்டாய். எங்கே பிழைத்தாய் என்பது தெரிந்தது. அந்த நேரத்தில் உன் மனம் எதைப் பார்த்தது, எதைப் பார்க்கத் தவறியது என்பதைக் கணினியால் சொல்ல முடியாது.

2024 டிசம்பர் 12 அன்று நம் சிங்கப்பூரின் செந்தோசாவில் நடந்த உலகச் சதுரங்கப் பட்டப் போட்டியின் 14ஆவது ஆட்டத்தை எடுத்துக்கொள். 55ஆம் நகர்த்தலில் அப்போதைய உலகப் பட்டவீரர், சீனாவின் டிங் லிரென் தம் யானையை (ரூக்) எஃப்2 கட்டத்துக்குக் கொண்டுவந்தார். பிழை என்று கணினி நொடியில் காட்டியது. எதிரே ஆடிய இந்தியாவின் குகேஷோ, அதைத் தாம் உடனே உணரவில்லை என்றும், தம் யானையை பி3க்கு நகர்த்தவே இருந்ததாகவும், அதன் பிறகே டிங்கின் மந்திரி (பிஷப்) சிக்கிக்கொள்வதைக் கண்டதாகவும் ஆட்டம் முடிந்தபின் கூறினார். அந்த மந்திரி மூலையில், ஏ8இல் நின்றது. யானைகள் வெட்டுப்பட்டபின் குகேஷ் தம் மந்திரியை டி5இல் நிறுத்த, டிங்கின் மந்திரிக்கு ஒதுங்க இடமில்லாமல் போயிற்று. மந்திரிகளும் வெட்டுப்பட்டு, ராஜாக்களும் சிப்பாய்களும் மட்டுமே எஞ்சிய நிலையில் குகேஷுக்கு ஒரு சிப்பாய் கூடுதல். பதினெட்டு வயதில் உலகப் பட்டம் வென்றவர், தாம் தவறவிடவிருந்ததை அன்றே மறைக்காமல் சொன்னார். எனக்கு அந்த ஆட்டத்தில் மிகப் பெரிய பாடம் அதுதான்.

2013இல் நெதர்லாந்தின் விக் ஆன் சே நகரில் முன்னணி ஆட்டக்காரர் ஆரோனியனை நம் விஸ்வநாதன் ஆனந்த் கறுப்புக் காய்களுடன் 23 நகர்த்தல்களில் வென்றதும் அப்படியே. அந்த யோசனை, முந்தைய ஆண்டு கெல்ஃபாண்டுடன் ஆடிய உலகப் பட்டப் போட்டிக்காகத் தயாரித்து வைத்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். மேசையில் தோன்றியது எது, வீட்டில் உழைத்துச் சேர்த்தது எது என்று ஆடியவர் பிரித்துச் சொல்லும்போதுதான், "எனக்கு ஏன் இப்படித் தோன்றுவதில்லை" என்று நீ மனம் தளரமாட்டாய்.

ஆகவே, ஆடியவரே தம் ஆட்டத்தை விளக்கும் காணொளியைக் கதை கேட்பதுபோல் ஓடவிடாதே. முக்கியமான இடத்தில் நிறுத்தி, உன் நகர்த்தலையும் அதற்கான காரணத்தையும் நோட்டில் எழுதிய பிறகே அவர் சொல்வதைக் கேள். ஓர் ஆட்டத்துக்கே ஒரு மாலைப்பொழுது போய்விடும், போகட்டும்.

வரும் ஞாயிறு அந்த நோட்டுடன் வா. முதல் பக்கத்தில் உன் 19ஆம் நகர்த்தலுக்கு முன் நீ நினைத்ததை எழுதியிரு.

அன்புடன்,
மாமா