ஆட்டு இதயத்தைப் பிள்ளைகள் கையில் எடுத்துப் பார்க்கட்டும்

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். என் பேத்தி உயர்நிலை மூன்றில் படிக்கிறாள். இந்தத் தவணை உயிரியலில் இதயம் பற்றிய பாடம். போன ஆண்டு அதே பள்ளியில் மூத்த மாணவர்கள் உண்மையான இதயத்தை அறுத்துப் பார்த்தார்கள் என்று கேள்விப்பட்டு, தன் முறை எப்போது வரும் என்று காத்துக்கொண்டிருந்தாள். வரவில்லை. சில பெற்றோர் ஆட்சேபித்தார்களாம். கணினித் திரையில் முப்பரிமாணப் படம் ஒன்றைக் காட்டி, அதைத் திருப்பித் திருப்பிப் பார்க்கச் சொல்லிப் பாடத்தை முடித்துவிட்டார்கள். அன்று மாலை என்னிடம் வந்து, "பாட்டி, வால்வைத் தொட்டால் எப்படி இருக்கும்?" என்று கேட்டாள்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் அறுவை சிகிச்சைக் கூடத்தில் தாதியாக வேலை பார்த்தவள் நான். அந்தக் கேள்விக்கு வாயால் பதில் சொல்ல எனக்கு வரவில்லை. சனிக்கிழமை காலையில் தேக்கா சந்தைக்குப் போய் இரண்டு ஆட்டு இதயம் வாங்கி வந்தேன்.

வாங்குவதிலேயே ஒரு விஷயம் இருக்கிறது. கறிக்கடையில் இதயம் கேட்டால், மேலே உள்ள கொழுப்பையும் குழாய்களையும் நறுக்கிப் போட்டுவிட்டு, சமைக்க ஆகும் பாகத்தைத்தான் தருவார்கள். மேலறைகளும் பெரும்பாலும் அதோடு போய்விடும். படிப்பதற்கு அந்த மேல்பாகம்தான் முக்கியம். அதனால் முதல் நாளே போய், "தம்பி, ஒன்றும் வெட்டாதீங்க, குழாயோடு அப்படியே எடுத்து வைங்க" என்று சொல்லி வைத்திருந்தேன்.

பேத்தியோடு அவள் தோழிகள் இரண்டு பேரும் வந்திருந்தார்கள், ஒரு மலாய்ப் பெண், ஒரு சீனப் பெண். சமையலறை மேசையில் செய்தித்தாளை விரித்து உட்கார்ந்தோம். முதலில் கத்தியைத் தொட விடவில்லை. விரலால் அழுத்திப் பாருங்கள் என்றேன். ஒரு பக்கம் தொளதொளவென்று அமுங்கியது, மறுபக்கம் கெட்டியாக நின்றது. கெட்டியான பக்கம்தான் இடது. உடம்பு முழுவதற்கும் இரத்தத்தைத் தள்ள வேண்டிய கீழறை அது. வலது கீழறைக்குப் பக்கத்திலிருக்கும் நுரையீரல் வரை அனுப்பினால் போதும். இது பாடநூலில் இருக்கிறது, மூன்று பேரும் மனப்பாடமாகச் சொன்னார்கள். ஆனாலும் மாறி மாறி அழுத்திப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

அப்புறம் பெருந்தமனியை மேலே தூக்கிப் பிடித்து, உள்ளே தண்ணீர் ஊற்றினோம். அடியில் பை போன்ற மூன்று மெல்லிய இதழ்கள் தண்ணீர் நிறைந்து உப்பி, ஒன்றோடொன்று நெருங்கி வழியை அடைத்துக்கொண்டன. தண்ணீர் கீழே இறங்காமல் அப்படியே நின்றது. செத்த இதயம்தான், ஆனால் கதவு இன்னும் வேலை செய்தது. தண்ணீரைக் கொட்டிவிட்டு அந்தக் குழாயை நெடுக வெட்டித் திறந்தோம். இதழ்களுக்குச் சற்று மேலே இரண்டு சிறு துளைகள். ஈர்க்குச்சி ஒன்றை எடுத்து ஒரு துளையில் மெல்ல விட்டேன். அது இதயத்தின் வெளிப்பக்கம் கொழுப்புக்கு அடியில் ஓடுவது தெரிந்தது. இதயத் தசைக்கே இரத்தம் கொடுக்கும் தமனியின் வாசல் அது. "தாத்தாவுக்கு அடைத்தது இந்தக் குழாயா?" என்று பேத்தி கேட்டாள். என் கணவருக்கு பைபாஸ் செய்தபோது அவள் சின்னப் பிள்ளை. "ஆமாம், இதன் ஒரு கிளைதான்" என்றேன். அந்த ஈர்க்குச்சியைக் கையால் தொட்டபடி அவள் ரொம்ப நேரம் பேசாமல் இருந்தாள்.

வலது கீழறையைத் திறந்தபோது, ஒரு சுவரிலிருந்து எதிர்ச் சுவருக்குப் பாலம் போட்டதுபோல ஒரு தசைக் கயிறு தெரிந்தது. "இது நம்ம படத்தில் இல்லையே" என்றாள் சீனத் தோழி. ஆட்டுக்கும் மாட்டுக்கும் அது எடுப்பாகத் தெரியும். மனிதருக்கும் உண்டு. இதயத்தைச் சுருங்கச் சொல்லும் மின்செய்தி எதிர்ச் சுவருக்குப் போகும் வழிகளில் ஒன்று அது. கணினிப் படத்தில், வரைந்தவர் எதை வைத்தாரோ அது மட்டும்தான் இருக்கும். அவர் விட்டதை எந்தப் பிள்ளையும் கண்டுபிடிக்க முடியாது. நான் இந்தக் கடிதம் எழுதக் காரணமே இதுதான்.

பேத்தி கேட்ட வால்வுக்குக் கடைசியாக வந்தோம். இடது கீழறையில், இதழ்களைக் கீழே இழுத்துப் பிடித்திருக்கும் வெள்ளை நூல்கள். பூத்தொடுக்கும் நூலைவிட மெல்லியவைகூட இருந்தன. இழுத்துப் பார் என்றேன். அறுந்துவிடுமே என்று பயந்து பயந்து இழுத்தாள், அறவில்லை. இன்னும் பலமாக இழுத்தாள், அப்போதும் அறவில்லை. மூன்று பேரும் என்னை நிமிர்ந்து பார்த்தார்கள். ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் தடவை இந்த நூல்கள் நம் நெஞ்சுக்குள் இழுபடுகின்றன என்று அப்போதுதான் சொன்னேன்.

ஆட்சேபித்த பெற்றோரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அவர்கள் பயப்படும் விஷயத்தை நானே அனுபவித்திருக்கிறேன். 1978இல் புகுமுக வகுப்பில் எங்களுக்கு வெள்ளை எலி. ஆளுக்கு ஒன்று. குளோரோபாரம் வாடை அடிக்கும் கண்ணாடிச் சாடியிலிருந்து எடுத்து, மெழுகுத் தட்டில் கைகால்களை ஊசியால் குத்தி வைத்து அறுத்தோம். என் எலியின் உடம்பு இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. அந்தச் சூடு இன்றும் என் விரலில் இருக்கிறது. ஒரு வகுப்புப் பாடத்துக்காக நாற்பது உயிர்களைக் கொல்லும் அந்த முறை திரும்பி வரவே வேண்டாம்.

ஆனால் அன்று ஒன்று கற்றுக்கொண்டேன். ஈரலுக்கு அடியில் பித்தப்பையைத் தேடிக் கிடைக்காமல், வெட்டி வீணாக்கிவிட்டோமோ என்று கலங்கிப்போனேன். எலிக்குப் பித்தப்பையே கிடையாது என்று ஆசிரியர் அப்புறம்தான் சொன்னார். எலியும் பாலூட்டி, நாமும் பாலூட்டி, ஆனால் உள்ளே எல்லாம் ஒன்றுபோல இருக்காது. இதை மறந்ததால் மருத்துவ உலகமே ஏமாந்த கதை உண்டு. இரண்டாம் நூற்றாண்டில் ரோமில் இருந்த காலன் என்ற மருத்துவர் குரங்கு, பன்றி, மாடு இவற்றை அறுத்துப் பார்த்துத்தான் உடற்கூறு எழுதினார். ஆடு, மாடுகளின் மூளைக்கு அடியில் ஓர் இரத்தக்குழாய் வலைப்பின்னல் இருக்கிறது. மனிதருக்கும் அது உண்டு என்று எழுதிவிட்டார். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் அதையே படித்தார்கள். 1543இல் வெசாலியஸ் என்ற மருத்துவர் மனித உடலை அறுத்துப் பார்த்து, அப்படி ஒன்று இல்லை என்று எழுதினார். தானும் முன்பு வகுப்பில் ஆட்டுத் தலையை வைத்துக்கொண்டு அதைக் காட்டியதாக அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆட்டு இதயத்தை அறுக்கும் வகுப்பில் இதையும் சொல்ல வேண்டும். மனித இதயத்தின் படத்தைப் பக்கத்தில் வைத்து, எது ஒத்துப்போகிறது, எது போகவில்லை என்று பிள்ளைகளே பார்க்க வேண்டும். கணினிப் படத்துக்கும் அங்கே இடம் இருக்கிறது. இதயம் துடிப்பதைப் படத்தில் காட்டலாம், என் மேசையில் காட்ட முடியாது.

பிராணிகளை ஆய்வுக்குப் பயன்படுத்துவதற்கு மூன்று நெறிகள் சொல்வார்கள்: முடிந்தால் வேறு வழி தேடு, எண்ணிக்கையைக் குறை, வேதனையைக் குறை. 1959இல் பிரிட்டனின் ரஸ்ஸல், பர்ச் என்ற இருவர் வகுத்தது. சிங்கப்பூரில் 2004இல் வந்த வழிகாட்டி நெறிகளும் இதைத்தான் பின்பற்றுகின்றன. சாப்பாட்டுக்காக ஏற்கெனவே அறுக்கப்பட்ட ஆட்டின் இதயத்தைச் சந்தையில் வாங்கினால், வகுப்புக்கென்று ஓர் உயிரும் போகவில்லை. நான்கு பிள்ளைகளுக்கு ஓர் இதயம் போதும்.

எந்தப் பிராணி என்பது நம் ஊரில் முக்கியம். என் காலத்தில் ஒருநாள் பன்றி இதயம் கொண்டுவந்தார்கள். மலாய்த் தோழிகளும் தமிழ் முஸ்லிம் தோழி ஒருத்தியும் அந்த வகுப்பு முடியும் வரை வெளியே நின்றார்கள். மாட்டுக் கண் என்றால் இந்துப் பிள்ளைகள் சிலர் தயங்குவார்கள். ஹலால் கடை ஆட்டு இதயம் என்றால் அநேகமாக எல்லாரும் ஒரே மேசையில் உட்காரலாம். சைவக் குடும்பத்துப் பிள்ளைகளோ, மனம் ஒப்பாத வேறு யாருமோ வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டும், மதிப்பெண்ணில் கை வைக்கக்கூடாது. அவர்களுக்கு அந்தக் கணினிப் படம் இருக்கட்டும். ஆனால் சிலருக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக முழு வகுப்புக்கும் கதவை மூடுவது சரியில்லை.

ஆசிரியர்களுக்கு நேரம் இல்லை, ஆள் இல்லை என்பதும் எனக்குத் தெரியும். என்னைப் போல ஓய்வுபெற்ற தாதிகள் ஒவ்வொரு வட்டாரத்திலும் இருக்கிறோம். கூர்மையான கருவியை எப்படிப் பிடிப்பது, எப்படிக் கைமாற்றுவது, முடிந்தபின் மேசையை எப்படிச் சுத்தம் செய்வது என்பதெல்லாம் எங்களுக்குக் கைப்பழக்கம். ஈசூன் வட்டாரப் பள்ளி எது கூப்பிட்டாலும் நான் வருகிறேன். தேக்காவில் அந்தத் தம்பியிடம் முதல் நாளே சொல்லிவைப்பதும் என் பொறுப்பு.

அன்புடன்,
ஓய்வுபெற்ற தாதி ஒருவர்,
ஈசூன்