ஒரு பீரியட் ஒதுக்குங்கள்: பெங்களூரு தமிழ் அறிவியல் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஆசிரியர்களுக்கு,

வணக்கம். ஸ்ரீராமபுரம், அல்சூர், மர்பி டவுன் என்று தமிழ்ப் பிள்ளைகள் நிறையப் படிக்கும் பகுதிகளில் பள்ளியிலும் டியூஷனிலும் அறிவியல் சொல்லித்தருகிறீர்கள். உங்களிடம் ஒரு வேண்டுகோள். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தனிம வரிசை அட்டவணை உருவான வரலாற்றை ஒரு பீரியடாவது சொல்லுங்கள்.

அது பாடத்தில் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். மத்தியப் பாடநூல்களைத் தயாரிக்கும் என்.சி.இ.ஆர்.டி. 2023-இல் கொண்டுவந்த பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில் அந்த அத்தியாயமே எடுக்கப்பட்டுவிட்டது. பாடச்சுமையைக் குறைக்கிறோம், பதினொன்றாம் வகுப்பில்தான் இருக்கிறதே என்றார்கள். சரி, இருக்கிறது. ஆனால் பத்தாவது முடிந்ததும் காமர்ஸுக்கும் ஐ.டி.ஐ.க்கும் போகிற பிள்ளைகள்? என் மகளே காமர்ஸ் எடுக்கப் போகிறாள். சுவரில் தொங்கும் சார்ட்டைப் பார்க்கிற பிள்ளைக்கு 118 கட்டமும் முதல் நாளிலேயே நிரம்பியிருந்த மாதிரிதான் தோன்றும். எத்தனை பேர் சண்டை போட்டு, திருத்தி, காத்திருந்து நிரப்பியது என்று யாராவது சொன்னால்தானே தெரியும்!

டாபர்னீரின் மும்மை விதியில் தொடங்கலாம். அணு எடை லித்தியத்துக்கு 7, சோடியத்துக்கு 23, பொட்டாசியத்துக்கு 39. நடுவில் இருப்பது மற்ற இரண்டின் சராசரி. 1829-இல் அவர் கண்டது இது. அப்புறம் நியூலாந்து. ச ரி க ம ப த நி முடிந்து மறுபடி ச வருவதுபோல எட்டாவது தனிமத்தில் குணம் திரும்புகிறது என்றார். 1866-இல் லண்டன் வேதியியல் சங்கக் கூட்டத்தில் ஒருவர், தனிமங்களை ஆங்கில அகரவரிசையில் அடுக்கிப் பார்த்தீர்களா என்று கேட்டுச் சிரிக்க வைத்தார். அதே நாட்டின் ராயல் சொசைட்டி 1887-இல் அவருக்கு டேவி பதக்கம் கொடுத்தது. வகுப்பில் கேலிக்குப் பயந்து கையைத் தூக்காத பிள்ளைகளுக்கு இதைக் கட்டாயம் சொல்லுங்கள். ஜெர்மனியின் லோதர் மேயரையும் விட்டுவிடாதீர்கள். ரஷ்யாவின் மெண்டலீவ் கண்ட வரிசையையே ஏறக்குறைய அதே காலத்தில் தனியாகக் கண்டவர் அவர்.

மெண்டலீவிடம் மட்டும் நிதானமாக நில்லுங்கள். 1869-இல் அவர் கையில் இருந்தவை 63 தனிமங்கள். எடைப்படி அடுக்கிக்கொண்டே வந்தவர், குணம் பொருந்தாத இடத்தில் அடுத்ததை நெருக்கித் தள்ளாமல் இடத்தைக் காலியாக விட்டார். அங்கே வரப்போகும் தனிமத்தின் எடையையும் அடர்த்தியையும் 1871-இல் எழுதியும் வைத்தார். 1875-இல் பிரான்சில் புவாபோத்ரான் என்பவர் துத்தநாகத் தாதுவிலிருந்து, அந்தக் காலி இடங்களில் ஒன்றுக்குரிய காலியம் என்ற தனிமத்தைக் கண்டுபிடித்து, அடர்த்தி 4.7 என்றார். அந்தப் பொருளைக் கண்ணால்கூடப் பார்க்காத மெண்டலீவ் ரஷ்யாவிலிருந்து சொன்னார்: அது 5.9 பக்கம் இருக்க வேண்டும், உங்கள் மாதிரி சுத்தமாக இல்லை. புவாபோத்ரான் சுத்தம் செய்து மறுபடி அளந்தார். 5.9 வந்தது. பீன்யாவில் ஓர் உலோகச் சோதனைக்கூடத்தில் வேலை பார்க்கிறவள் நான். அளந்து கையெழுத்துப் போட்ட எண்ணை, பொருளையே பார்க்காத ஒருவர் தவறு என்று சொல்வதும், அளந்தவர் முகம் சுளிக்காமல் திரும்ப அளப்பதும் எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும்.

அவருக்கும் சறுக்கியது. டெல்லூரியத்தின் எடை அயோடினைவிட அதிகம் என்றாலும், குணம் பார்த்து டெல்லூரியத்துக்குப் பின்னால் அயோடினை வைத்தது சரி. ஆனால் டெல்லூரியத்தின் எடையைத் தவறாக அளந்துவிட்டார்கள் என்று அவர் நம்பியது சரியில்லை. அளவு சரியாகத்தான் இருந்தது. 1894-இல் ரேலீயும் ராம்சேயும் ஆர்கானைக் கண்டபோது, அது புதுத் தனிமமே இல்லை, மூன்று நைட்ரஜன் அணுக்கள் சேர்ந்ததாக இருக்கலாம் என்று தயங்கினார். கடைசியில் ஆர்கான் போன்ற மந்த வாயுக்களுக்காக அட்டவணைக்கு ஒரு புதுப் பத்தியே சேர்க்க வேண்டியிருந்தது.

அந்தப் பத்தி நம் ஊர்க்கதையும்கூட. ஜாம்ஷெட்ஜி டாடா ஓர் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு இடம் தேடியபோது, இந்தியா வந்து சுற்றிப் பார்த்து பெங்களூரைப் பரிந்துரைத்தவர் இதே வில்லியம் ராம்சே. 1898-இல் அவரோடு சேர்ந்து கிரிப்டான், நியான், செனான் மூன்றையும் கண்டுபிடித்த மாரிஸ் டிராவர்ஸ்தான் இந்திய அறிவியல் கழகத்தின் முதல் இயக்குநர். யஷ்வந்த்பூர் பக்கம் பஸ்ஸில் போகிற பிள்ளைகள் நம்ம ஊர் ஆட்கள் இன்னும் டாடா இன்ஸ்டிட்யூட் என்று சொல்கிற அந்த வளாகத்தைத் தாண்டித்தான் போகிறார்கள். மந்த வாயுக்களை நடத்தும்போது இந்த இரண்டு பெயர்களையும் சொல்லாமல் எப்படி விடுவது?

டெல்லூரியச் சிக்கலை அவிழ்த்தவர் மோஸ்லி என்ற ஆங்கிலேய இயற்பியலாளர். ஒவ்வொரு தனிமமும் வெளியிடும் எக்ஸ் கதிர்களை 1913-இல் அளந்து, அவற்றின் அதிர்வெண்ணின் வர்க்கமூலம் தனிமத்துக்குத் தனிமம் சீராக ஏறுவதைக் காட்டினார். வரிசையை முடிவு செய்வது எடை அல்ல, அணு எண், அதாவது அணுக்கருவில் உள்ள புரோட்டான்களின் எண்ணிக்கை. டெல்லூரியம் 52, அயோடின் 53, தீர்ந்தது பிரச்சினை. 43, 61, 75 ஆகிய இடங்கள் காலி என்றும் அவரால் சொல்ல முடிந்தது. 1915-இல் கலிப்போலி போர்முனையில் குண்டு பாய்ந்து இறந்தார். வயது 27. நகைக்கடையில் பழைய சங்கிலியை காரட் மீட்டருக்குள் வைக்கிறார்களே, அதற்குள் நடப்பது மோஸ்லி கண்டதுதான். திரும்பி வரும் கதிரின் ஆற்றலைப் பார்த்து 79 என்றால் தங்கம், 47 வெள்ளி, 29 செம்பு என்று மெஷின் பிரித்துச் சொல்கிறது. சிக்பேட்டைக்கு அம்மாவோடு போகிற எந்தப் பிள்ளைக்கும் இது புரியும்.

மார்கரித் பெரேயைப் பெண் பிள்ளைகளுக்காகச் சொல்லுங்கள். பல்கலைக்கழகப் பட்டம் இல்லாமல் மேரி கியூரியின் கூடத்தில் உதவியாளராகச் சேர்ந்தவர், 1939-இல் 87-ஆம் தனிமமான பிரான்சியத்தைக் கண்டுபிடித்தார்.

சார்ட்டைக் காட்டாமல் தொடங்குங்கள் என்பது என் யோசனை. தனிமத்தின் பெயர், எடை, அடர்த்தி, ஆக்சிஜனோடு எப்படிச் சேரும் என்பதை மட்டும் எழுதிய அட்டைகளைக் கொடுத்து அடுக்கச் சொல்லுங்கள். மெண்டலீவ் இடம் விட்டுவைத்த காலியம், ஸ்காண்டியம், ஜெர்மானியம் மூன்றையும் எடுத்து வைத்துவிடுங்கள். எங்கே இடிக்கிறது என்று அவர்களே கண்டுபிடிக்கட்டும். அட்டைகளைத் தமிழில் எழுதித் தர நான் தயார். எங்களைப் போல ஆய்வகங்களில் வேலை பார்க்கும் தமிழர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறோம். ஒரு சனிக்கிழமை மதியம் கூப்பிட்டால் வந்து உட்காருவோம்.

அன்புடன்,
பீன்யா சோதனைக்கூடத்திலிருந்து, பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அம்மா