உமியை வாய்க்கால் கரையில் எரிக்காதீர்கள், அந்தச் சூட்டில் எங்கள் நெல்லை உலர்த்தித் தாருங்கள்

அம்பாறை, மட்டக்களப்பு மாவட்டங்களின் மில்லுக்கார முதலாளிமாருக்கு,

வணக்கம். அஸ்ஸலாமு அலைக்கும்.

நான் நாவிதன்வெளிப் பக்கம் ஐந்து ஏக்கர் வயல் செய்கிறவன். உங்களில் சிலரைக் காக்கா என்றும் சிலரை அண்ணன் என்றும் கூப்பிட்டுப் பழகியவன். அப்பா காலத்தில் இருந்து எங்கள் நெல் உங்கள் தராசில்தான் ஏறுகிறது. அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன், சிறுபோக வெட்டு முடிந்த நேரம், என் தங்கையின் மகன் அறுந்த பட்டத்துக்குப் பின்னால் ஓடி வாய்க்கால் கரையில் கிடந்த உமிக் குவியலில் ஏறிவிட்டான். எட்டு வயது. குவியல் மேலே கறுத்துச் சாம்பல் பூத்துக் கிடந்தது, புகைகூடப் பெரிதாக இல்லை. ஒரு கால் முழங்கால் வரை உள்ளே இறங்கியது. உள்ளே முழுக்கத் தணல். அவனைத் தூக்கி வந்தபோது செருப்பின் வார் தோலோடு ஒட்டியிருந்தது. நடக்கத் தொடங்க மூன்று மாதமாயிற்று. அது யாருடைய மில்லின் உமி என்று நான் இங்கே எழுதப் போவதில்லை. அந்த முதலாளி ஆஸ்பத்திரிக்கே வந்து பிள்ளையைப் பார்த்தார், செலவுக்குக் காசும் தந்தார், நல்ல மனிதர். ஆனால் அடுத்த போகமும் அதே கரையில் அதே மாதிரிக் குவியல் புகைந்தது. என்னைத் தூங்க விடாதது அதுதான்.

கணக்கு உங்களுக்குத் தெரியாததில்லை. 100 கிலோ நெல் குற்றினால் ஏறத்தாழ 20 கிலோ உமி. 10 தொன் நெல் ஏற்றி வந்த ஒரு லொறிக்கு 2 தொன் உமி. நன்றாகக் காய்ந்த உமி மூன்று கிலோவில் ஏறத்தாழ ஒரு லீற்றர் டீசலின் சூடு இருக்கிறது. அப்படியென்றால் ஒவ்வொரு லொறி நெல்லுக்கும் 600 லீற்றருக்கு மேற்பட்ட டீசலின் சூட்டைக் கரையில் கொட்டிப் புகைய விடுகிறோம். 2022 இல் டீசலுக்கு இரவு பகலாக வரிசையில் நின்றவர்கள் நாங்கள். அந்த வருடமும் உமி இப்படித்தான் எரிந்தது.

எரிப்பதே பிழை என்று நான் சொல்லவில்லை. உமியில் இருக்கும் காபன், மூன்றரை மாதத்துக்குள் எங்கள் பயிர் காற்றில் இருந்து எடுத்தது. எரித்தால் காற்றுக்குப் போகும், அடுத்த போகத்துப் பயிர் திரும்ப எடுக்கும். நுரைச்சோலை மின்நிலையத்தில் 900 மெகாவாட்டுக்காக எரிகிற நிலக்கரி அப்படியில்லை. அது கோடிக்கணக்கான வருடம் மண்ணுக்கடியில் கிடந்தது, ஒருமுறை மேலே வந்தால் திரும்பிப் போக வழியில்லை. ஆனால் இந்த நியாயம் உமி ஒழுங்கான அடுப்பில், போதிய காற்றோடு, முழுதாக எரிந்து ஒரு வேலையைச் செய்தால்தான் பொருந்தும். குவியலில் புகைந்தால் அரைகுறையாக வெந்து கரியும் நச்சுப் புகையுமாகப் போகிறது. மாரி மழையில் ஊறிக் காற்றுப் புகாமல் அழுகினால் அடியில் இருந்து மெதேன் கிளம்பும். 100 வருடக் கணக்கில் பார்த்தால் மெதேன் காபனீரொட்சைட்டை விட 25 மடங்குக்கு மேல் சூடேற்றும் வாயு. ஒரே உமிதான், கிடக்கிற இடத்தைப் பொறுத்துப் பூமிக்கு உதவியாகவும் இருக்கும், உபத்திரவமாகவும் இருக்கும்.

அடுத்தது விறகு. உமியைச் செங்கல் சூளைக்கு விற்றுவிட்டுச் சில மில்களில் நெல் அவிக்கிற பொயிலருக்குக் காட்டு மரக் குற்றி போடுகிறார்கள். பாலைக் குற்றியும் வீரைக் குற்றியும் வாசலில் அடுக்கியிருந்ததை என் கண்ணாலேயே கண்டேன். கேட்டால், 'மரமும் பயிர் மாதிரித்தானே, திரும்ப முளைக்கும்' என்கிறார்கள். முளைக்கும், சரி. ஆனால் அந்தப் பாலை அவ்வளவு பருக்க எத்தனை போகம் ஆனது? ஒரே அளவு சூட்டுக்கு விறகு விடுகிற காபனீரொட்சைட்டு நிலக்கரி விடுவதை விடக் குறைவில்லை, சற்றுக் கூடத்தான். அதை அடுத்த மரம் எடுத்து முடிக்கப் பல பத்து வருடம் போகும். நெல்லின் கணக்கை மரத்துக்குப் போட முடியாது. 2021 பெப்ரவரியில் 500 க்கு மேற்பட்ட விஞ்ஞானிகள் அமெரிக்கா, ஐரோப்பிய ஒன்றியம், ஜப்பான், தென்கொரியா தலைவர்களுக்கு இதையே மடலாக எழுதினார்கள்: மின்சாரத்துக்காகக் காட்டு மரத்தை எரித்துவிட்டு அதைக் காலநிலைக்கு நல்லது என்று கணக்கில் காட்டாதீர்கள் என்று. எங்களுக்கோ இன்னொரு கணக்கும் இருக்கிறது. காடு குறையக் குறைய யானை வயலுக்குள் வருகிறது. வெல்லாவெளிப் பக்கம் ராக்காவலுக்குப் போன ஆள் விடியத் திரும்பி வரும்வரை வீட்டில் யாரும் படுப்பதில்லை.

விறகு வேண்டுமென்றால் எங்கள் வேலிகளில் நிற்கிற கிளிசரியா மரம் இருக்கிறது. 2005 இல் அரசாங்கம் அதைத் தேயிலை, இறப்பர், தெங்குக்கு அடுத்த நாலாவது பெருந்தோட்டப் பயிராக அறிவித்தது. வெட்ட வெட்டத் தழைக்கும். நைதரசனைக் காற்றில் இருந்தே பிடிக்கும், இலை ஆட்டுக்கும் ஆகும், வயலுக்குப் பசளையாகவும் ஆகும். 2021 இல் அரசாங்கம் இரசாயன உரத்தை ஒரேயடியாக நிறுத்தியபோது வேலியில் நின்ற கிளிசரியாவைத்தான் நான் வெட்டி வயல் சேற்றில் மிதித்தேன். எங்கள் வேலிக் கம்பைக் கிலோவுக்கு நியாய விலை போட்டு வாங்குங்கள், காட்டுக் குற்றி லொறிக்கு வேலை இல்லாமல் போகும்.

வைக்கோலைக் கேட்காதீர்கள். ஒரு காலத்தில் வாழைச்சேனைக் கடதாசி ஆலைக்கு இந்தப் பகுதி வைக்கோல்தான் போனது, அது வேறு. பயிர் எடுத்த பொட்டாசியத்தில் பெரும்பங்கு வைக்கோலில்தான் நிற்கிறது. அது மாட்டுக்கும் மண்ணுக்கும் உரியது. வயலிலேயே தீ வைக்கிற எங்கள் ஆட்களோடும் நான் சண்டை பிடிக்கிறேன், உங்களை மட்டும் சொல்லவில்லை.

இப்போது நான் கேட்க வந்தது. முன்பெல்லாம் மாசி பிறந்தால் வானம் வெளித்துவிடும், களத்திலேயே நெல் காயும். இப்போது அந்த நம்பிக்கை போய்விட்டது. வெட்டு மெசின் வயலில் நிற்கும்போதே மழை இறங்குகிறது. நெல் வாங்குகிற அரசாங்கத்தின் நெல் சந்தைப்படுத்தல் சபை 14 வீதத்துக்கு மேல் ஈரம் இருந்தால் எடுக்காது. தார் வீதியில் பாதியை மறித்துப் படங்கு விரித்துக் காயப் போடுகிறோம், மோட்டார் சைக்கிள் ஏறுகிறது, திரும்ப மழை வருகிறது, இரவோடு இரவாக அள்ளுகிறோம். கடைசியில் முளை கட்டத் தொடங்கிய நெல்லை ஈரக் கழிவு போட்டு நீங்கள் சொன்ன விலைக்கே தருகிறோம். அந்த நெல்லை உலர்த்தப் போதிய சூடு அப்போது உங்கள் மதிலுக்கு வெளியே குவியலாகப் புகைந்துகொண்டிருக்கிறது.

உமியில் ஓடுகிற உலர்த்தி புதிய சாமான் இல்லை. நெல் அவிக்கிற உங்களில் பலரிடம் உமிப் பொயிலர் ஏற்கெனவே இருக்கிறது. பச்சையரிசி மில்களில்தான் உமி மிஞ்சிக் கிடக்கிறது. இரண்டு மூன்று மில் சேர்ந்து ஒரு உலர்த்தி போட்டால், மிஞ்சுகிற உமி அங்கே போகட்டும். எங்கள் நெல்லை மூடைக் கணக்கில் கூலி வாங்கி உலர்த்தித் தாருங்கள். உலர்ந்த நெல்லை உங்களுக்கே விற்கிறோமா, சபைக்குக் கொடுக்கிறோமா என்பதை மட்டும் எங்களிடம் விடுங்கள். பீகாரில் 2007 இல் இருந்து உமியை வாயுவாக்கி ஊர்களுக்கு வெளிச்சமே கொடுத்திருக்கிறார்கள். நாங்கள் அவ்வளவு தூரம் கேட்கவில்லை.

எரிந்த சாம்பலையும் கொட்ட வேண்டாம். அதில் பெரும்பகுதி சிலிக்கா, வயலுக்குப் போட்டால் நெல் தாள் உறுதியாகும். நெல் இறக்கிவிட்டுத் திரும்புகிற உழவு இயந்திரப் பெட்டி வெறுமையாகத்தானே போகிறது, அதில் ஏற்றிவிடுங்கள்.

கார்த்திகை மழையில் கிட்டங்கித் தாம்போதிப் பாதையை வெள்ளம் மூடினால் நாங்கள் இந்தப் பக்கம், நீங்கள் அந்தப் பக்கம். அதற்கு முன் ஒரு நாள் சொல்லுங்கள். எங்கள் கமக்காரர் அமைப்பில் இருந்து நாலைந்து பேர், வயல் தண்ணீரைப் பார்க்கிற வட்டை விதானையோடு வருகிறோம். எந்தெந்த மில்லில் எவ்வளவு உமி மிஞ்சுகிறது, உலர்த்தி எங்கே போடலாம், மூடைக்கு என்ன கூலி என்று இருந்து பேசுவோம். தங்கையின் மகனையும் கூட்டி வருவேன், இப்போது நன்றாக நடக்கிறான்.

இப்படிக்கு,
உங்கள் மில்லுக்கு நெல் தருகிற ஒரு நாவிதன்வெளி விவசாயி