பெட்டி கட்டுவதற்கு முன்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். ஏப்ரலில் குன்னூர் பக்கத்து வெலிங்டனில் உன் ராணுவக் கல்லூரிப் படிப்பு முடிந்ததும் பூட்டான், ஹா பள்ளத்தாக்கில் நம் ராணுவப் பயிற்சிக் குழுவில் வேலை என்று நீ போனில் சொன்னதும் அப்பா நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டார். 1962-லிருந்து நம் ஆட்கள் அங்கே இருக்கிறார்கள் என்று தெருவில் எல்லோருக்கும் சொல்லியாகிவிட்டது. எனக்கும் பெருமைதான். ஆனால், "பிள்ளைகளுக்கு இன்னும் சொல்லவில்லை, பரீட்சை முடியட்டும்" என்றாயே, அதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை.

அப்பாவுக்கு மாற்றலாகி நாம் ஜபல்பூர் போனது நினைவிருக்கிறதா? அப்போது உனக்கு ஏழு வயது. பாட்டி வீட்டுக்குப் போகிறோம் என்று சொல்லித்தான் உன்னை ரயில் ஏற்றினேன். உண்மையைச் சொன்னால் அழுவாய் என்று பயம். அங்கே பள்ளியில் சேர்த்த முதல் வாரம் தினமும் நனைந்த கால்சட்டையோடு வீட்டுக்கு வந்தாய். வெளியே போகவேண்டும் என்று இந்தியில் கேட்க உனக்குத் தெரியவில்லை. அந்த ஒரு வாக்கியத்தைக்கூட நான் சொல்லிக்கொடுக்கவில்லை. குளிப்பாட்டும்போது, "ஏன்டா யாரிடமும் கேட்கவில்லை?" என்றேன். "நீ பாட்டி வீடு என்று சொன்னாயே" என்றாய். அன்றைக்கு என் கையிலிருந்த சோப்பு நழுவி விழுந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

அதனால் சொல்கிறேன். இந்த ஞாயிற்றுக்கிழமையே இருவரையும் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல். வரைபடத்தை விரித்து வைத்துச் சொல். பாப்பா அழுவாள்; பத்து வயதுக்கு வெலிங்டனில்தான் முதல்முறையாக நெருங்கிய தோழி கிடைத்திருக்கிறாள். அழட்டும். அழுது முடிக்க அவளுக்கு ஏப்ரல் வரை நேரம் கிடைக்கும்.

அக்டோபரில் நான் வந்திருந்தபோது, உன்னோடு படிக்கும் பக்கத்து வீட்டு நைஜீரிய அதிகாரியின் மனைவியோடு குன்னூர் மார்க்கெட்டுக்குப் போனோம் அல்லவா? கத்தரிக்காயை எடுத்துக் காட்டிப் பெயர் கேட்டு, தன் சிறிய நோட்டில் அவர் எழுத்தில் எழுதிக்கொண்டார். அடுத்த கடையில் தானே "கத்தரிக்காய் அரை கிலோ" என்றார். மூன்று பிள்ளைகளோடு கடல் தாண்டி வந்தவர். மருமகளை ஒரு மாலை அவரிடம் அனுப்பிப் பேசச் சொல். எதைச் சுமந்து வந்தது வீண், எதை விட்டுவிட்டு வந்து தவித்தார் என்பதெல்லாம் எந்த ஆர்டரிலும் இருக்காது.

மருமகளின் பள்ளிக்கூட வேலையைப் பற்றி நீ முடிவு செய்யாதே. விடுப்பா, விலகலா என்று அவளே நிர்வாகத்திடம் கேட்டு யோசிக்கட்டும். உன் அப்பாவுக்குப் பின்னால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆறு ஊர் போனேன். ஒரு தடவையாவது "உனக்கு எப்படி?" என்று கேட்டிருக்கலாம் என்று இப்போது அவரே வருத்தப்படுகிறார்.

சின்னவனுக்குக் குளிரில் இளைப்பு வருகிறது. ஹா 2,700 மீட்டர் உயரம், உங்கள் வெலிங்டனைவிட இன்னும் 800 மீட்டருக்கு மேல். குளிர்காலத்தில் பனி விழும். பாரோவிலிருந்து நேர்வழியில் போனால் கிட்டத்தட்ட 4,000 மீட்டர் உயரத்தில் செலே லா கணவாயைத் தாண்டவேண்டும். இங்கிருக்கும்போதே டாக்டரிடம் காட்டி, கேட்கவேண்டியதைக் கேட்டு, மருந்துச்சீட்டைக் கையோடு வாங்கிக்கொள். பிறப்புச் சான்றிதழ்களின் அசல், பள்ளி டி.சி., வங்கிக் கணக்கில் மருமகள் பெயர், இவையெல்லாம் நீ பார்த்துக்கொள்வாய்.

அங்குள்ள பள்ளிகளில் பாடம் ஆங்கிலத்தில்தானாம், அது ஒரு நிம்மதி. ஆனால் விளையாட்டில் சேர்ந்துகொள்ள அவர்கள் மொழியான ஜோங்கா வேண்டுமே. அப்பா அதற்குள் இரண்டு சொல் பிடித்து வைத்திருக்கிறார்: வணக்கத்துக்கு "குசுசாங்போ லா", நன்றிக்கு "கதின்செ லா". பேத்திக்குத் தானே போனில் சொல்லித்தருவாராம். தண்ணீர் கேட்கவும், வெளியே போகவேண்டும் என்று சொல்லவும் நீ யாரிடமாவது கேட்டு இருவருக்கும் கற்றுக்கொடு. அதுதான் முதலில்.

பரணிலிருந்து அப்பாவின் கருப்புப் பெட்டியை இறக்கியிருக்கிறேன். மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்ததில் வெள்ளை எழுத்தில் அவர் ராணுவ நம்பர் பளிச்சென்று தெரிகிறது. அதன் கீழே பாப்பாவின் பெயரை எழுத இடம் விட்டிருக்கிறேன். பொங்கலுக்கு வரும்போது எடுத்துப் போ. அதில் என்ன வைப்பது என்று அவளே முடிவு செய்யட்டும்; உடைந்த பொம்மையாக இருந்தாலும் நீ எடுத்து வெளியே வைக்காதே.

அன்புடன்,
அம்மா